டெல்லியா, தாலுகா ஆபீசா

விழுப்புரம்,
14.4.2025

அன்புள்ள மதி,

புத்தாண்டு வேப்பம்பூப் பச்சடிக்கு ஊருக்கு வருவாய் என்று பார்த்தேன். பரீட்சை நெருங்குகிறது, ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறாள் என்று அண்ணி சொன்னார். உன் வாட்ஸ்அப் செய்திக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்பாய், நான் பேசிக்கொண்டே போவேன், வைத்த பிறகு என்ன முடிவானது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. காலமெல்லாம் கோப்பில் குறிப்பு எழுதிப் பழகிய கை இது. எழுதினால்தான் எனக்கே தெளிவாக வருகிறது.

உன் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. நிதி ஆயோக்கில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. அதே மே, ஜூனில் நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் உட்காரவும் உங்கள் பேராசிரியர் அனுமதி வாங்கித் தந்திருக்கிறார். இரண்டிலும் சம்பளம் கிடையாது. எதற்குப் போவது? எம்.ஏ. முடிந்ததும் ஐ.ஏ.எஸ். கோச்சிங்கா, ஃபெல்லோஷிப்பா என்பது அதன் வாலில் தொங்குகிற இரண்டாவது கேள்வி.

அத்தை ரெவின்யூவில் குப்பை கொட்டியவள், கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் பக்கத்தைத்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே கேட்டிருப்பாய். ஆமாம், அதைத்தான் சொல்லப்போகிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவை நீ எடு.

டெல்லியை மட்டமாகச் சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் பெண் அங்கே போய் வந்தாள். சன்சத் மார்க்கில் பெரிய கட்டடம். லேப்டாப் நாமே எடுத்துப்போக வேண்டும். ஏதாவது ஒரு பிரிவில் போடுவார்கள், அதை "வெர்ட்டிகல்" என்கிறார்கள். அறிக்கைகளைப் படிப்பது, மாநிலங்களின் எண்களை அட்டவணை போடுவது, கடைசியில் ஒரு கட்டுரை கொடுப்பது. அவள் நன்றாகவே கற்றுக்கொண்டு வந்தாள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அறிக்கையில் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். 2018-ல் "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று ஒரு திட்டம் வந்தது. நாடு முழுக்க இன்று 112 மாவட்டங்கள், நம்மிடம் விருதுநகரும் ராமநாதபுரமும். 49 குறியீடுகள் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். விருதுநகர் இரண்டு படி ஏறினால் டெல்லியில் திரையைப் பார்க்கிறவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தரவரிசைக்குள் போகிற, எடை குறைந்த குழந்தைகள் இத்தனை என்ற எண்ணை முதலில் எழுதியவர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். அன்றைக்குத் தராசு சரியாக இருந்ததா, குழந்தை வந்ததா, வராத குழந்தைக்குப் போன மாத எடையையே எழுதிவிட்டாரா, அந்த வாரம் அவரை வேறு எந்த வேலைக்காவது இழுத்துப்போனார்களா என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு அடியில் கிடக்கிறது. இது தெரியாமலும் எண்ணைப் படிக்கலாம், படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெரிந்துகொண்டு போனால் நீ கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். அதனால் டெல்லி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் இங்கே, பிறகு அங்கே என்கிறேன். நிதி ஆயோக் விண்ணப்பம் மாதத்தின் முதல் பத்து நாள் இணையத்தில் திறந்திருக்கும், எங்கேயும் ஓடிப்போகாது.

பணத்தைப் பற்றி ஒரே வரியில் தாண்டிவிட்டாய். "மேனேஜ் பண்ணிக்கலாம் அத்தை" என்கிறாய். மேனேஜ் பண்ணப்போவது அண்ணாதானே! ஆறு வாரம் பிஜி வாடகை, சாப்பாடு, மெட்ரோ, போகவர ரயில். அண்ணாவால் முடியும். உன் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் முடியும்? சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தோதுப்படும். எந்த அறிவிப்பிலும் அப்படி எழுதியிருக்காது, அவ்வளவுதான். ஏழைகளுக்குத் திட்டம் போடுகிற இடத்துக்கு ஏழை வீட்டுப் பிள்ளை ஆறு வாரம் வந்து உட்கார வழியில்லை. 2024 அக்டோபரில் இதே மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள், அதில் 4,500 அரசுப் பணம். கம்பெனிக்குப் போய்க் கற்றுக்கொள்ள அரசு காசு தரும், அதே அரசின் நிதி ஆயோக்குக்கு வந்து கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது. என்ன கணக்கோ! இங்கே நம் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், உனக்கு டிக்கெட் செலவும் கிடையாது.

இனி, உன் பாடத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு பழைய கதை. கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒருவர், ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1915 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். இந்தியப் பொருளாதாரத்துக்கு அவர்தான் முதல் பேராசிரியர். வெள்ளைக்காரர், ஊர் புதிது, மொழி தெரியாது. அவர் செய்த காரியம், 1916-ல் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப்பட்டியலைக் கொடுத்து ஊருக்கு அனுப்பியது. நிலம் யார் யாரிடம் எவ்வளவு, எந்தச் சாதியில் எத்தனை வீடு, என்ன பயிர், கூலி எவ்வளவு, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று அந்தந்தப் பிள்ளை தனக்குப் பழக்கமான ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வர வேண்டும். 1918-ல் அது புத்தகமாக வந்தது. ஒரு லீவில் மாணவர்கள் செய்த வேலைதான். நூறு வருஷம் கழித்தும் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள்.

அந்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. நம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில், திருச்சி ரோட்டில் இருக்கிறதே அதே இருவேல்பட்டுதான். போன டிசம்பரில் புயல் வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணம் கேட்டு மக்கள் ரோட்டில் உட்கார்ந்து பேப்பரில் வந்ததே, அந்த ஊர். நீ எத்தனையோ முறை பஸ்ஸில் தாண்டிப் போயிருப்பாய். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களை மறுபடியும் ஆராய்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குஹனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூன்று பேரும் போனார்கள். பெரிய நிலக்காரர்களின் பிடி எப்படித் தளர்ந்தது, கூலி வேலை செய்தவர்கள் எப்படி அவர்களை நம்பியிருக்க வேண்டாத நிலைக்கு வந்தார்கள் என்பதை ஒரே ஊரை வைத்துத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. முதலில் போன மாணவன் கூலி எவ்வளவு என்று எழுதி வைத்திருக்காவிட்டால் பிறகு வந்தவர்கள் எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

இவர்களில் இரண்டு பேரைக் கவனி. ஜெயரஞ்சன் 2021-ல் நம் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார். குஹன் ஐ.ஏ.எஸ். அதிகாரி, மாநிலத்தின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். பிறகு அடையாறில் இருக்கிற சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து ஆராய்ச்சி செய்தார். ஒருவர் ஊரிலிருந்து கோட்டைப் பக்கம் போனார், இன்னொருவர் கோட்டையிலிருந்து ஊருக்குப் போனார். "பாலிசி கேரியர்" என்று நீ சொல்கிறாயே, அதற்கு ஒரே படிக்கட்டு என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்.

குஹன் அக்கறையோடு எழுதிய விஷயம் ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்பு. நீ உட்காரப்போகிற பிரிவும் அதுவேதான். அங்கே ஓ.ஏ.பி. என்றால் முதியோர் உதவித்தொகை. அதன் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், டெல்லியும் தாலுகாவும் ஒரே சீட்டில் வந்து உட்கார்ந்திருப்பது உனக்கே தெரியும். நம் மாநிலத்தில் இது 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. மத்திய அரசு தேசிய அளவில் வந்தது 1995-ல், அதன் பங்கு 75 ரூபாய். 2006-ல் அது 200 ஆனது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு இன்றைக்கும் டெல்லி தருவது அதே 200தான், 80 ஆனால் 500. மாநிலம் 2011-ல் மொத்தத் தொகையை 1,000 ஆக்கியது, 2023-ல் 1,200. ஆக, மத்தியத் திட்டத்தில் சேர்ந்த, 80 வயது ஆகாத ஒரு பாட்டி மாதம் வாங்குகிற 1,200-ல் ஆயிரம் சென்னையிலிருந்து வருகிறது, இருநூறு டெல்லியிலிருந்து. அந்த இருநூறு ஏன் நகரவே இல்லை என்று கேட்கப் போகிற நாளில் நீ நிதி ஆயோக்குக்குப் போ. அப்போது உனக்குக் கேட்க ஒன்று இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் சீக்கிரமே போய்விடு. மக்கள் குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே போலீஸ் நிறுத்துவார்கள், மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் திறந்து, தீக்குளிக்க மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். பழகிவிடும். பழகிவிட்டதே என்று இன்னொரு நாள் தோன்றும். மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சொல்கிறவர் பத்து நிமிஷம் அழுதுகொண்டே சொல்வார், எழுதுகிறவர் பாதிப் பக்கத்தில் முடித்துவிடுவார். அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம், மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். அந்தப் பாதிப் பக்கத்தில் எது விடுபட்டது என்பதை நீ கவனி, ஏனென்றால் அதற்குப் பிறகு கோப்பில் ஏறப்போவது அந்தப் பாதிப் பக்கம் மட்டும்தான்.

உள்ளே மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு எண் போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். கலெக்டர் கையில் வாங்கிப் படித்து, பக்கத்தில் நிற்கிற அதிகாரியிடம் தருவார். "தனி வட்டாட்சியர், ச.பா.தி., உரிய நடவடிக்கைக்கு" என்று அது தாலுகாவுக்கு வரும். அங்கிருந்து வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.). அவர்தான் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியவர். அறிக்கை வந்த வழியே ஏறும். கடைசியில் மனு கொடுத்த பாட்டியின் பெயருக்கு ஒரு கடிதம் போகும். ந.க.எண், பொருள், பார்வை, அதற்குக் கீழே இரண்டு வரி. அந்த இரண்டு வரியில் என்ன இருக்கிறது என்பதுதான் அரசாங்கத்தைப் பற்றி அந்தப் பாட்டிக்குத் தெரிந்த எல்லாம்.

நான் வேலை பார்த்த ஒரு தாலுகாவுக்கு எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பையன் ஒருவன் களப்பணிக்கு வந்தான். அதிகம் பேச மாட்டான். முதல் வாரம் முழுக்க டெஸ்பாட்சில் கவர் ஒட்டினான். அப்புறம் நிராகரித்த ஓ.ஏ.பி. மனுக்களின் கட்டைக் கேட்டு வாங்கி, ஒரு நோட்டில் கோடு போட்டு, காரணத்தை மட்டும் தனியாக எழுதிக்கொண்டே வந்தான். ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து வந்த அறிக்கைகள் எல்லாவற்றிலும் ஒரே வரி, எழுத்துப் பிசகாமல்: "மனுதாரருக்கு மகன் உள்ளார், ஆதரவற்றவர் அல்லர்." எங்கள் கண்ணில் அது படாமல் போனதற்குக் காரணம், நாங்கள் ஒவ்வொரு மனுவாகப் பார்த்தோம், அவன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தான். ஓர் உதவியாளரோடு அந்த ஊர்களுக்குப் போய் வந்தான். மகன் இருப்பது உண்மைதான், திருப்பூரில். அல்லது கேரளாவில். சில வீட்டில் மகன் போன் எண்ணே பாட்டிக்குத் தெரியாது. அவன் யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. ஊர், பெயர், மகன் எங்கே, கடைசியாகப் பணம் அனுப்பியது எப்போது என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதித் தனி வட்டாட்சியர் மேஜையில் வைத்தான். அந்த மனுக்கள் மறுவிசாரணைக்குப் போயின. எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை, ஆனால் கிடைக்க வேண்டிய சிலருக்குக் கிடைத்தது. வேறு ஒரு கல்லூரிப் பிள்ளைகள் வண்ண வண்ணமாக ஒரு பிபிடி போட்டுக் காட்டிவிட்டு, எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை.

அதனால் நான் உனக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே போ. எல்லாத் திட்டத்தையும் தெரிந்துகொள்ள முயற்சி பண்ணாதே. ஓ.ஏ.பி. என்றால் ஓ.ஏ.பி. இப்போது சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைக்கும், தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும். வருவாய்த் துறையுடையதை எடுத்து, சமூகப் பாதுகாப்பு அத்தியாயத்தை மட்டும் இரண்டு தடவை படி. பிறகு அதற்கான அரசாணைகளைத் தேடு. பட்ஜெட்டில் அதற்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குகிறார்கள் என்று பார். அதையெல்லாம் படித்துவிட்டு, அந்த அரசாணையை வி.ஏ.ஓ. படித்திருக்கிறாரா, எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று போய்ப் பார். அந்த இடைவெளியில்தான் உனக்கு வேலை இருக்கிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் அதற்கு ஏதாவது பெரிய பெயர் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜமாபந்தியைத் தவறவிடாதே. நீ இருக்கிற நாளிலேயே வரும், பசலி ஆண்டு ஜூனில் முடிகிறதே. வி.ஏ.ஓ.க்கள் எல்லாரும் கிராமக் கணக்குகளை மூட்டையாகக் கட்டித் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுவந்து, ஷாமியானாவுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தீர்வாய அலுவலர் ஒவ்வொரு ஊர்க் கணக்கையும் புரட்டிக் கையெழுத்துப் போடுவார். நில அளவைச் சங்கிலியைக்கூடப் பரப்பி வைத்துச் சரிபார்ப்பார்கள். ஜி.பி.எஸ். கருவி வந்த காலத்திலும் சங்கிலிக்கு மரியாதை போகவில்லை. சிரிக்காதே. அந்த நாளில் ஓர் ஊரின் அடங்கலையும் 'அ' பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து யாராவது விளக்கிச் சொன்னால், ஸ்லேட்டரின் மாணவர்கள் எதைத் தேடி அலைந்தார்கள் என்பது உனக்குப் புரிந்துவிடும்.

அலுவலகத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் யாரும் உன்னை நம்ப மாட்டார்கள். கலெக்டர் அனுமதியோடு வந்த பெண் என்றாலே "மேலிடத்துப் பிள்ளை, நாம் பேசுவதைப் போய்ச் சொல்லும்" என்று நினைப்பார்கள். கொடுக்கிற வேலை எதுவானாலும் செய். போட்டோகாப்பி எடுக்கச் சொன்னால் எடு, எடுக்கும்போது படி. மதியச் சாப்பாட்டை அங்கேயே அவர்களோடு சாப்பிடு. பாதி நிர்வாகம் டிபன் பாக்ஸ் திறக்கிற நேரத்தில்தான் பேசப்படுகிறது. இளநிலை உதவியாளர் யாராவது ஒருவரிடம் தன்பதிவேட்டைக் காட்டச் சொல். எந்தத் தபால் என்றைக்கு வந்தது, என்ன ஆனது என்று அவர் கையாலேயே எழுதியிருப்பார். எங்கே எது தேங்குகிறது என்று அதைவிடத் தெளிவாக எந்த டாஷ்போர்டும் காட்டாது. வயதான தபேதாரிடம் மரியாதையாகப் பேசு, கலெக்டர்கள் பலர் வந்து போனதைப் பார்த்தவர் அவர். ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் ஒட்டின காகிதத்தைப் போனில் படம் எடுத்து உங்கள் குரூப்பில் போடாதே. "சும்மா கேஸ் ஸ்டடிக்குத்தான்" என்றாலும் போடாதே. பாத்ரூம் விஷயத்தை முதல் நாளே அங்கே இருக்கிற பெண் ஊழியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள், எந்தச் சாவி யாரிடம் என்று. நான் சேர்ந்த காலத்தில் இதுதான் எங்களுக்குப் பெரிய பாலிசி பிரச்சினை. உன் அப்பாவிடம் கேள், நான் தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போன கதையைச் சொல்வார்.

ஒரு பக்கக் குறிப்பு எழுதப் பழகு, தமிழில். உனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், அதுதான் எனக்குப் பயம். பிரச்சினை என்ன, விதி என்ன சொல்கிறது, இதுவரை என்ன நடந்தது, என்ன செய்யலாம், அதற்கு யார் கையெழுத்து வேண்டும். இதை ஒரே பக்கத்தில் அடக்கத் தெரிந்தவர் நான் பார்த்த அதிகாரிகளிலேயே கொஞ்சம் பேர்தான். கலெக்டர் படிப்பதும் அந்த ஒரு பக்கத்தைத்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், இதில் நான் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022-ல் வந்தது. இரண்டு வருஷம், துறைகளோடு சேர்ந்து வேலை, உதவித்தொகை உண்டு. கலைப் படிப்பில் முதுகலை முதல் வகுப்பு வேண்டும், 22 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழ் தெரிந்திருக்க வேண்டும். உனக்கு எல்லாம் பொருந்தும். டெல்லியில் பி.ஆர்.எஸ். என்கிற ஆய்வு நிறுவனம் நடத்துகிற லேம்ப் ஃபெல்லோஷிப் 2010-லிருந்து நடக்கிறது. எம்.பி. ஒருவரோடு மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி பட்ஜெட் கூட்டத்தொடர் வரை இருந்து, நாடாளுமன்றக் கேள்விகள் தயாரிப்பது, விவாதத்துக்குக் குறிப்பு எடுப்பது எல்லாம் செய்ய வேண்டும். 25 வயதுக்குள் போக வேண்டும், அதனால் அதைத் தள்ளிப்போடாதே. டெல்லிக்குப் போவதென்றால் நான் சொல்வது இதைத்தான். அந்த இருநூறு ரூபாயைப் பற்றி ஓர் எம்.பி. அவையில் கேட்க, அந்தக் கேள்வியை நீ எழுதிக் கொடுத்தாய் என்றால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஃபெல்லோஷிப்பில் ஒரு குறை உண்டு, முடிந்த பிறகு அரசு வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. சிலர் கன்சல்டன்சிக்குப் போகிறார்கள், சிலர் மறுபடியும் பரீட்சைக்கே வருகிறார்கள்.

பரீட்சை எழுதாதே என்று நான் எப்படிச் சொல்வேன்? குரூப் 4 எழுதித்தான் நான் உள்ளே வந்தேன், அதனால்தான் சொந்தக் காலில் நின்றேன். ஆனால் யூ.பி.எஸ்.சி.யில் வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் பேரைத்தான் எடுக்கிறார்கள், விண்ணப்பிக்கிறவர்கள் பல லட்சம். அண்ணாநகர் கோச்சிங் சென்டர் தெருக்களில் நீயே பார்த்திருப்பாய், 29, 30 வயதில் வேறு எந்த வேலையும் பார்த்திராத பிள்ளைகள். புத்திசாலிப் பிள்ளைகள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அவர்கள் மேல் இல்லை. எழுது, ஆனால் இரண்டு தடவை என்று இப்போதே ஒரு காகிதத்தில் எழுதிவை, கூடவே ஏதாவது ஒரு வேலையில் இரு. குரூப் 1, குரூப் 2-ஐ இளப்பமாக நினைக்காதே. ஓ.ஏ.பி. உத்தரவில் கையெழுத்துப் போடுகிற தனி வட்டாட்சியர் ஐ.ஏ.எஸ். படித்தவர் இல்லை. உன் தோழிகள் யாரும் அந்த வேலையை இன்ஸ்டாகிராமில் போட மாட்டார்கள், ஆனால் அந்தப் பாட்டிக்கு அரசாங்கம் அவர்தான்.

டெல்லிக்கு வரவில்லை என்று நாகரிகமாக ஒரு மெயில் போட்டுவிடு, பதில் எழுதாமல் விட்டுவிடாதே. கல்லூரியில் போனஃபைட் சர்டிபிகேட் இரண்டு வாங்கிவை, எங்கள் தபால் பிரிவில் ஒன்று காணாமல் போகும், அது எனக்கு நன்றாகத் தெரியும். மே 1 அன்று நம் பஞ்சாயத்தில் கிராம சபை, அதற்கு முந்தின நாளே வந்துவிடு. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். படித்துப் பார்க்காமல் போடாதே. மாடி ரூம் ஃபேன் ஓடவில்லை, எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன். அண்ணாவிடம் நீயே பேசுகிறாயா, நான் பேசட்டுமா என்று மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அத்தை